மேலாளர் ஊருக்கெல்லாம் நல்லவர், எனக்கு மட்டும் மூச்சு முட்டுகிறது

தெப்பக்குளம் | டர்பன் | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மதுரை, தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து ஆறு வருடம். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசிப் பேசி, இந்த விஷயத்தைத் தமிழில் எழுதினால்தான் நான் சொல்ல வருவது எனக்கே பிடிபடும் போலிருக்கிறது.

நான் சேர்ந்தபோது மேலாளர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். "உன்னைப் போல ஒருத்தி இந்தப் பிரிவுக்கு வந்ததே இல்லை" என்று இரண்டாவது வாரமே எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டு வாரத்தில் என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அன்று அது தோன்றவில்லை, உச்சி குளிர்ந்துவிட்டது.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். நான் ஊருக்குப் போக அவரே முன்நின்று ஆபீஸில் பணம் திரட்டி, டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அழுதேவிட்டேன். காரியம் முடிந்து திரும்பிய முதல் மீட்டிங்கில், ஒரு கணக்கில் நான் மாற்றுக் கருத்து சொன்னதும், "உனக்காக நாங்கள் எல்லாம் என்ன செய்தோம் என்பதை மறந்துவிட வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது அந்த டிக்கெட் பேச்சு வந்துவிடும்.

ஜனவரியில் ஒரு பெரிய பில்லை அடுத்த மாதத்துக்குத் தள்ளச் சொன்னார். வாய்மொழியாகத்தான். தணிக்கையில் கேள்வி வந்தபோது, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார். கோபமே இல்லை, அவ்வளவு கனிவாகச் சொன்னார்: "அப்பா போன துக்கத்தில் உனக்கு ஞாபகம் தப்புகிறது, கொஞ்சம் ஓய்வு எடு." அன்று ராத்திரி என் நினைவையே நான் சந்தேகப்பட்டேன். அவர் மேசைக்கு முன்னால் நின்றதும், ஜன்னலுக்கு வெளியே கிரேன் திரும்பியதும் அப்படியே கண்ணில் இருக்கிறது. ஆனாலும் சந்தேகம்.

வெளியே அவருக்கு நல்ல பெயர். காவல்காரர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்து சொல்வார். ஞாயிறு சாயங்காலம் ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இணையத்தில் தேடினால் 'நார்சிசிஸ்ட்' என்று வருகிறது. அவர் அப்படிப்பட்டவரா, இல்லை நான்தான் தொட்டாற்சிணுங்கியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மரிட்ஸ்பர்க் அக்கா | பீட்டர்மரிட்ஸ்பர்க் | ஞாயிறு, இரவு 10:55

தங்கச்சி, முதலில் அப்பாவுக்காக வருந்துகிறேன்.

நான் வேலூரில் நர்சிங் படித்து இங்கே வந்தவள், மனநலப் பிரிவில் 22 வருடம் ஆகிறது. உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. அவர் யார் என்பதை இங்கிருந்து யாரும் தீர்மானிக்கக் கூடாது, நீயும் தீர்மானிக்க வேண்டியதில்லை.

நார்சிசிஸ்ட், அதாவது தன்மோகம் பிடித்தவர், என்ற சொல் கிரேக்கக் கதையில் வரும் நார்சிசஸ் என்பவனின் பெயரிலிருந்து வந்தது. குளத்து நீரில் தெரிந்த தன் முகத்தின் மேலேயே மயங்கி, அதைவிட்டு நகர முடியாமல் அழிந்துபோனவன். மனத்தை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ஃபிராய்ட் 1914-ல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஓர் ஆளுமைக் கோளாறாக அது இடம்பிடித்தது 1980-ல். அதில் ஒன்பது அடையாளங்கள் உண்டு. தன்னைப் பற்றிய மிகையான எண்ணம், ஓயாமல் பாராட்டு வேண்டும் என்ற பசி, தனக்கு மட்டும் சலுகை வேண்டும் என்ற நினைப்பு, காரியத்துக்காக ஆட்களைப் பயன்படுத்துவது, அடுத்தவர் மனம் பார்க்காதது, பொறாமை, இப்படி. குறைந்தது ஐந்து அடையாளங்கள் இருக்க வேண்டும். அதுவும் இளவயதிலிருந்தே, வீடு, வேலை, நட்பு என்று எல்லா இடத்திலும் தொடர்ந்து இருக்க வேண்டும். அதை உட்கார்ந்து பேசிப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார். ஆபீஸில் மட்டும் பார்க்கிற நமக்கு அது தெரியாது. கோளாறு என்று சொல்லும் அளவுக்குப் போகாமல், அந்தக் குணத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பவர்கள் ஏராளம்.

ஆனால் அவர் உனக்குச் செய்தது என்ன என்பதைச் சொல்லலாம். நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லி, உன் புத்தியின் மேல் உனக்கே சந்தேகம் வர வைப்பதற்கு காஸ்லைட்டிங் என்று பெயர். 1938-ல் இங்கிலாந்தில் மேடையேறிய ஒரு நாடகத்திலிருந்து வந்த சொல். அதில் வீட்டு கேஸ் விளக்கு மங்குவதை மனைவி பார்ப்பாள். கணவனோ பொருட்களைத் தானே ஒளித்து வைத்துவிட்டு, உனக்குத்தான் புத்தி பிசகுகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பான். உன் துக்கத்தை எடுத்து அவர் அதற்குச் சாட்சியாக வைத்தாரே, அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வார்டுக்கு யாரும் "எனக்குத் தன்மோகம்" என்று வருவதில்லை. குடி, தூக்கமின்மை, மனைவி பிரிந்து போனது, வேலை போனது என்று வருவார்கள். பேசப் பேசத்தான் உள்ளே இருப்பது தெரியும். பெரும்பாலும் ஒரு அவமானம். யாராவது சின்னதாக ஒரு குறை சொன்னால் போதும், தான் முழுதாகவே ஒன்றுமில்லாமல் போய்விடுவோம் என்ற பயம். அந்தப் பயம்தான் எதிரில் இருப்பவர் மேல் பாய்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் "நான் என்ன தப்பு செய்தேன்" என்று நீ குடைந்துகொண்டிருப்பது குறையும். அதற்காக அவரைத் திருத்துவதும் தேற்றுவதும் உன் வேலை என்று எடுத்துக்கொள்ளாதே.

---

கரும்புக்காடு | டோங்காட் | திங்கள், காலை 5:20

வணக்கம் மகளே. என் தமிழ் கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பில் படித்தது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 19 வருடம் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது வேலையிடத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக, இருந்தேன். அக்கா மனசைச் சொன்னார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட ஆளிடம் மாட்டியவர்கள் கடைசியில் தோற்பது ஒரே இடத்தில்தான், கையில் ஒன்றும் இருக்காது. எல்லாம் வாய்ப்பேச்சு. அதனால் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை, யார் இருந்தார்கள். உங்கள் எண்ணத்தை அதில் எழுதாதீர்கள். "கொடுமைப்படுத்தினார்" என்று எழுதினால் அது உங்கள் எண்ணம். "இந்தத் தேதியில், இன்னாரின் முன்னால், இந்த வார்த்தையைச் சொன்னார்" என்றால் அது சாட்சியம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

அவர் வாயால் ஒரு வேலை சொன்னால், மேசைக்குத் திரும்பியதும் இரண்டு வரி மெயில் போடுங்கள். "நீங்கள் இன்று இப்படிச் செய்யச் சொன்னதாகப் புரிந்துகொண்டேன், மாற்றம் இருந்தால் சொல்லவும்." மரியாதையாக, ஒவ்வொரு முறையும். நீங்களும் ஒருவராக இருக்கும் உரையாடலைப் பதிவு செய்ய இந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மெயில் போதும் என்றால் மெயிலோடு நிறுத்துங்கள், அதுதான் நிம்மதி.

18 மார்ச் 2022 முதல் வேலையிடத் துன்புறுத்தலைத் தடுக்க ஒரு நடைமுறை விதித்தொகுப்பு நம் நாட்டில் இருக்கிறது. கத்துவது, அடிப்பது மட்டும் துன்புறுத்தல் இல்லை என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. புறம் பேசுவது, கிண்டலால் குத்துவது, ஆளே இல்லாதது போல நடத்துவது, ஒதுக்கி வைப்பது, வேலைக்கு வேண்டிய தகவலை மறைப்பது, ஒருவரின் வேலையை வேண்டுமென்றே கெடுப்பது எல்லாம் அதில் வருகிறது. அதை அச்செடுத்துப் படியுங்கள்.

கோபத்தில் ராஜினாமா மட்டும் எழுதிவிடாதீர்கள் மகளே. இருக்க முடியாத நிலையை முதலாளி உண்டாக்கியதால் ஒருவர் வேலையை விட்டால், 1995 தொழிலாளர் உறவுச் சட்டம் அதையும் பணிநீக்கமாகவே பார்க்கிறது. 30 நாளுக்குள், தொழில் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் சி.சி.எம்.ஏ. ஆணையத்துக்கு 7.11 படிவத்தில் புகார் போக வேண்டும், கட்டணம் கிடையாது. ஆனால் அப்படி நடந்தது என்று காட்டுகிற பாரம் உங்கள் தலையில். "உள்ளே முறையாகப் புகார் கொடுத்தாயா, வேறு வழி பார்த்தாயா" என்றுதான் முதலில் கேட்பார்கள். எத்தனை பேர் அந்தக் கேள்வியில் தலை குனிந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள், நியாயம் அவர்கள் பக்கம், கையில் ஒரு தாள் இல்லை.

---

லெனேசியா குமார் | ஜோகன்னஸ்பர்க் | திங்கள், பிற்பகல் 1:15

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது பிடிக்காத எல்லோருக்கும் இந்தப் பட்டத்தைக் கட்டிவிடுகிறோம். கண்டிப்பான மேலாளர் என்றால் நார்சிசிஸ்ட். பேசாமல் போகும் மனைவி, அறிவுரை சொல்லும் மாமனார், அவர்களும் நார்சிசிஸ்ட். ஐ.டி.யில் 11 பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பு. இரண்டு வருடம் முன்பு ஒரு தம்பி வேலையை விட்டுப் போகும்போது என்னைப் பற்றி அந்த வார்த்தையை எழுதிவிட்டுப் போனான். பல நாள் தூக்கம் இல்லை.

கோபம் தணிந்த பிறகு அவனுக்கு போன் செய்து, நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். மூன்று சம்பவம் சொன்னான். இரண்டில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்றில் அவன் சொன்னது சரி. வாடிக்கையாளர் முன்னால் அவனை மட்டம் தட்டியிருக்கிறேன், எனக்கு அது நினைவில்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

அதனால் சகோதரி, பட்டம் கட்டுவதற்கு முன்னால் ஒரு முறையாவது அவரிடம் நேராகப் பேசிப் பார்க்கலாமே?

---

மரிட்ஸ்பர்க் அக்கா | திங்கள், மாலை 6:30

குமார் தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. குறை கேட்டதும் உங்களுக்கும் தூக்கம் போயிருக்கிறது. யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் திரும்பப் போய்க் கேட்டீர்கள், ஒன்றை ஒப்புக்கொண்டீர்கள். நான் பார்ப்பது அந்த இடத்தைத்தான். கண்டிப்பானவர் வேலையைக் குறை சொல்வார், வேலை சரியானதும் மறந்துவிடுவார். தன்மோகத்தில் இருப்பவருக்கு நம் வேலை சரியாவது முக்கியமே இல்லை. நாம் தாழ்ந்து நிற்பதுதான் வேண்டும். அவரிடம் "எனக்கு வருத்தமாக இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள், ஐந்தே நிமிடத்தில் நீங்கள் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

தெப்பக்குளம், ஒரு முறை பேசிப் பார்ப்பதில் தப்பில்லை. சின்ன விஷயத்தை எடு. தனியாக, ஒரே ஒரு சம்பவம். எதிர்பார்ப்பு வைக்காதே, என்ன நடக்கிறது என்று கவனி.

---

தெப்பக்குளம் | வியாழன், இரவு 8:05

பேசினேன். போன வார அறிக்கையில் என் பெயர் விட்டுப்போயிருந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். முதலில் சிரித்தார். பிறகு, தான் இந்தப் பிரிவுக்காக எத்தனை ஞாயிறுகளைக் கொடுத்திருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் பிள்ளைகளின் பிறந்தநாள்கூடத் தவறிப்போனதாம். கண் கலங்கியது. நான் "மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள் என்று தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். லிஃப்டில் நிற்கும்போதுதான் உறைத்தது, நான் எதற்கு உள்ளே போனேன்?

அக்கா ஐந்து நிமிடம் என்று சொன்னீர்கள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

நோட்டு வாங்கிவிட்டேன் ஐயா.

---

வேப்பமரத்தடி | மெரிபேங்க் | வெள்ளி, இரவு 11:30

மேலாளரை விட்டு ஓடலாம். அம்மாவாக இருந்தால்?

என்னை வளர்த்தது ஆயா, அம்மாவைப் பெற்றவர். என் தமிழ் அவர் கொடுத்தது. அம்மா உங்கள் மேலாளர் மாதிரி மேடையில் நிற்கிறவர் இல்லை. எப்போதும் பாதிக்கப்பட்டவர் அவர்தான். நான் மெட்ரிக் பாஸ் செய்த அன்று, தன்னைப் படிக்க வைக்காமல் விட்டதைச் சொல்லி ராத்திரி வரை அழுதார். என் ரிசல்ட்டை யாரும் பேசவில்லை. புரட்டாசி சனிக்கிழமை பூஜைக்கு ஆட்கள் வரும் நேரம் பார்த்து அவருக்கு மயக்கம் வரும். நான் ஒரு நாள் வர முடியவில்லை என்றால் சித்திக்கு போன் போகும், சித்தி எனக்குச் செய்வார், பிறகு பெரியப்பா மகள். ஊரே சேர்ந்து என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன பிறகு, அம்மாவே வந்து "பாவம், என் பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள்" என்பார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று ஆயா சொல்லுவார். தன் மகளைப் பற்றித்தான் சொன்னார் என்று எனக்கு 30 வயதில்தான் புரிந்தது.

நான் உறவை அறுக்கவில்லை. அறுக்கச் சொல்கிறவர்கள் நம் வீடுகளில் வாழ்ந்தவர்கள் இல்லை. கல்யாணம், சாவு, காவடி, கூழ் ஊற்றும் பூஜை, எல்லாவற்றிலும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். நான் செய்தது, கொடுப்பதைக் குறைத்தேன். பணத்தைச் சொல்லவில்லை, செய்தியைச் சொல்கிறேன். சம்பள உயர்வு, வயிற்றில் பிள்ளை, கணவரோடு சண்டை, எதுவும் அவருக்கு முதலில் தெரியாது. ஞாயிறு காலை 20 நிமிடம் போன். மருந்து சாப்பிட்டீர்களா, கத்தரிக்காய் என்ன விலை, மழை பெய்ததா. அழுதால், "கஷ்டமாகத்தான் இருக்கும் அம்மா" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். விளக்கம் சொல்ல மாட்டேன். நான் சொல்லும் ஒவ்வொரு விளக்கமும் அடுத்த சண்டைக்கு விறகு என்று கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது.

முதல் ஆறு மாதம் நரகம். அவர் முன்னைவிட அதிகமாக அழுதார், அதிகமாக மயங்கினார். அந்த ஆறு மாதத்தில் பெரும்பாலோர் தளர்ந்துவிடுகிறோம். சிநேகிதி ஒருத்தி கூட இருந்ததால் நான் தாண்டினேன்.

இன்னும் ஓர் ஆசை போகவில்லை. ஒரு நாள் அவர் என்னிடம் "நன்றாகப் படித்தாய்" என்று சொல்வார் என்று.

---

சங்குமணி | ஃபீனிக்ஸ் | சனி, காலை 7:10

மெரிபேங்க் அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் காபி ஆறிப்போனது. கோயில் கமிட்டிகளிலும் இந்தக் கதை உண்டு. எங்கள் பக்கம் ஒரு தலைவர், திருவிழா நோட்டீசில் தன் படம் சாமி படத்தைவிடப் பெரிதாக இல்லை என்று அச்சடித்ததை எல்லாம் திருப்பி அனுப்பினார். கணக்குக் கேட்ட இரண்டு இளைஞர்கள் 'கோயிலுக்கு விரோதி' ஆனார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு வாதம் பண்ணி எங்களுக்கு அலுத்துவிட்டது. பிறகு பதவிக்கு இத்தனை வருடம்தான் என்று விதியைத் திருத்தினோம், காசோலைக்கு இரண்டு கையெழுத்து வைத்தோம். அவர் மாறவில்லை. மாற வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

---

மரிட்ஸ்பர்க் அக்கா | சனி, மாலை 4:45

வேப்பமரத்தடி, அந்த ஆசை போகாது கண்ணு. அது போக வேண்டும் என்று நீ கஷ்டப்படவும் வேண்டாம்.

நீ கண்டுபிடித்ததை இப்போது கிரே ராக் என்கிறார்கள், சாம்பல் கல் மாதிரி இருப்பது. பிடித்து ஆட்டுவதற்கு எதிரில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை. கை நீட்டுகிற கணவனிடமோ காதலனிடமோ இதை வீட்டுக்குள் தனியாக முயன்று பார்க்காதீர்கள். பிடி நழுவுகிறது, இவள் போய்விடுவாள் என்று அவனுக்குத் தோன்றும் நேரம்தான் மிக ஆபத்தானது. அங்கே முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு. 1998 குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் பார்ப்பதில்லை. வாயால், மனதால் செய்யும் கொடுமை அதில் முதலிலிருந்தே உண்டு. கட்டுப்படுத்தி ஆட்டிவைப்பதையும் 2021 திருத்தம் தனியாக விளக்கிச் சேர்த்துவிட்டது. கணவர் மட்டும் இல்லை, ரத்த உறவு, சம்பந்த உறவு எல்லோருக்கும் அது பொருந்தும். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பெண்கள் வன்முறை உதவி எண் 0800 428 428, எந்நேரமும் எடுப்பார்கள்.

மாறுவார்களா என்று எனக்குத் தனியாக இரண்டு பேர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். மாறுகிறவர்கள் உண்டு. நீண்ட கால உளச்சிகிச்சை வேண்டும், அவர்களே வர வேண்டும், வருடக்கணக்கில் உட்கார வேண்டும். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், எண்ணிக்கை குறைவு. அதை நம்பி உங்கள் நாட்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. 2015-ல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வந்தது. "நீ மற்ற பிள்ளைகளைவிட உசத்தி" என்று பெற்றோர் நினைத்து வளர்த்த பிள்ளைகளிடம் தன்மோகம் கூடியது. பாசமாக மட்டும் வளர்த்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடியது. கொஞ்சுங்கள், நிறையக் கொஞ்சுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கொஞ்சாதீர்கள்.

---

தெப்பக்குளம் | சுமார் மூன்று மாதம் கழித்து | ஞாயிறு, இரவு 8:50

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். எத்தனையோ பேர் தனியாக எழுதிக் கேட்டீர்கள்.

ஐயா சொன்னபடி மெயில் போட ஆரம்பித்தேன். முதல் வாரமே கூப்பிட்டு, "உனக்கு என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார். "ஞாபகத்துக்காகத்தான் எழுதி வைக்கிறேன், நீங்கள் சொன்னீர்களே" என்றேன். அதற்குப் பிறகு வாயால் சொல்லும் வேலை பாதியாகக் குறைந்தது. நான் பயந்தது நடந்தது, மீட்டிங்குகளுக்கு அழைப்பு நின்றது. அதையும் நோட்டில் எழுதினேன். ஒரு மாதம் கழித்து ஒரே அடியாக அன்பு. பழைய பாராட்டு, பதவி உயர்வுப் பேச்சு, மேசையில் ஒரு இனிப்புப் பெட்டி. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு வாரம்தான் மிகவும் கஷ்டம். நோட்டை மூடிவிடலாம் என்று நினைத்தேன். திறந்து முதல் பக்கத்தைப் படித்தேன், மூடவில்லை.

எழுத்தில் புகார் கொடுத்தேன். நார்சிசிஸ்ட் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. 14 சம்பவம், தேதியோடு. ஹெச்.ஆரில் விசாரித்தார்கள். அவருக்குப் பெரிய தண்டனை எதுவும் இல்லை, எழுத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் என்று கேள்வி. என்னை வேறு மாடியில், வேறு மேலாளரிடம் மாற்றினார்கள். நியாயம் முழுதாகக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். தப்பு செய்தவர் அதே நாற்காலியில் இருக்கிறார், இடம் மாறியது நான்.

மாறிய இரண்டாம் நாள், சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து ஒரு ஜூலு அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். எனக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவராம். "உன்னிடமும் ஞாபகம் தப்புகிறது என்று சொன்னாரா?" என்று கேட்டார். அவருக்குக் குழந்தை பிறந்து திரும்பி வந்த மாதம் சொல்லியிருக்கிறார். அதே வார்த்தை, அதே கனிவு. இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம்.

குமார் அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டு நேராகப் போய்ப் பேசியது வீணாகவில்லை. அந்த நான்கு நிமிடம்தான் என் நோட்டில் முதல் பக்கம்.

அடுத்த மாதம் அப்பாவுக்குத் திதி. புது மேலாளரிடம் லீவு எழுதிக் கொடுத்தேன், மூன்று வரி. காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று மட்டும் போட்டேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.